சிங்கத்தோல் காவலாளி

இதைச் சொல்லத் தொடங்க முன்னமே நீங்கள் என்ன நினைப்பீர்கள் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் வேறு யாராவது வந்து எனக்கு இதைச் சொல்லியிருந்தால் நானும் அதையேதான் நினைத்திருப்பேன். மனிதனுக்கு நித்திரை இல்லை, இரண்டு வேலை, வீட்டில் நோயாளி, மூளை களைத்துப் போய்விட்டது. சரி, அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். கோயிலுக்குப் போவேன், திருநீறு பூசுவேன், அதோடு சரி. பேய், முனி, செய்வினை, நாள் கோள் ஒன்றிலும் எனக்கு நம்பிக்கை இருந்ததில்லை. என் மனைவி பவளம் கண்ணூறு கழிக்க மிளகாய் எரித்தால்கூட, புகை அலாரம் அடிக்கப்போகிறது என்று கத்துகிறவன் நான்.

எனக்கு அறுபத்தொரு வயது. மொன்றியலுக்கு வந்து முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. பார்க் எக்ஸ்டென்ஷனில் ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாம் மாடியில் நானும் பவளமும் இருக்கிறோம். விடியற்புறம் கோட்-டெ-நெய்ஜில் ஒரு மருத்துவமனையில் தரை துடைப்பேன். அது முடிந்ததும் மெட்ரோ பிடித்து, நகரத்தின் நடுவில் இருக்கிற ஓர் அருங்காட்சியகத்துக்குக் காவல் வேலைக்குப் போவேன். எந்த அருங்காட்சியகம் என்று கேட்காதீர்கள், இன்னும் அங்கேதான் நிற்கிறேன்.

காவல் என்றால் தடியும் துவக்கும் கிடையாது. கறுப்பு உடுப்பு, கறுப்புச் சப்பாத்து, இடுப்பில் ஒரு வோக்கி-டோக்கி. வருகிறவர்கள் சிலைகளைத் தொடாமல் பார்க்க வேண்டும், அரை மணித்தியாலத்துக்கு ஒரு தடவை கட்டுப்பாட்டு அறையிலிருந்து வோக்கியில் கூப்பிட்டால் எல்லாம் சரி என்று சொல்ல வேண்டும், மற்றபடி நிற்க வேண்டும். முன்பு ஒவ்வொரு கூடத்திலும் ஒரு கதிரை இருந்தது. காவலாளி அதில் இருந்துகொண்டிருந்தால் பார்க்க வடிவில்லை என்று யாரோ மேலிடத்தில் முடிவெடுத்துக் கதிரைகளை எடுத்துவிட்டார்கள். அன்றிலிருந்து என் குதிக்கால் இரண்டும் எனக்குச் சொந்தமில்லை.

போன வருடம் என்னைக் காந்தாரக் கூடத்துக்கு மாற்றினார்கள். காந்தாரம் என்றால் இன்றைக்குப் பாகிஸ்தானும் ஆப்கானிஸ்தானும் சந்திக்கிற மலைப்பக்கம். அங்கேயிருந்து வந்த சாம்பல் நிறக் கற்கள், எல்லாம் புத்தர்கள். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அது பிடிக்கவில்லை. நாங்கள் யாழ்ப்பாணத்து ஆட்கள், எங்களுக்குப் புத்தர் சிலை என்றால் பக்கத்தில் ஓர் இராணுவச் சென்ட்ரி இருக்கும், மண்மூட்டை இருக்கும், அடையாள அட்டையை எடு என்று ஒரு குரல் இருக்கும். புத்தர் என்ன செய்வார் பாவம், அது எனக்கும் தெரியும், ஆனால் உடம்புக்குத் தெரியாதே. முதல் இரண்டு கிழமையும் நான் அந்த முகங்களைப் பார்க்கவேயில்லை.

பேந்து பார்த்தேன். ஒரு நாளில் ஆறு மணித்தியாலம் நின்றால் எதையாவது பார்க்கத்தானே வேண்டும். பார்த்தால், எங்கள் நாட்டுப் புத்தர் மாதிரியே இல்லை. சுருட்டைப் பொட்டுக்களாகத் தலைமயிர் இல்லை, அலை அலையாக வாரி உச்சியில் முடிந்திருக்கிறது. நேர் மூக்கு. சின்ன மீசை. காவி உடை உடம்போடு ஒட்டாமல், பாரமான கம்பளியைத் தோளில் போட்டமாதிரி மடிப்பு மடிப்பாக விழுகிறது. ஒரு வெள்ளைக்காரன் கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறான் என்றுதான் நினைப்பீர்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கூட்டிவருகிற வழிகாட்டிப் பெண் ஒவ்வொரு முறையும் அதே விளக்கத்தைப் பிரெஞ்சில் சொல்லுவாள். எனக்குக் கடையில் பால் வாங்குகிற அளவு பிரெஞ்சுதான் தெரியும், ஆனபடியால் கிரேக்கர், கிரேக்கர் என்ற சொல் மட்டும் காதில் விழும்.

கூடத்தின் நடுவில் ஒரு கண்ணாடிப் பெட்டி. அதற்குள் ஒரு புடைப்புச் சிற்பம், இரண்டு முழ நீளம் இருக்கும். புத்தர் நடந்து போகிறார், அவருக்குப் பின்னால் ஒரு தடித்த ஆள் நிற்கிறான். தாடி, சுருண்ட மயிர், திரண்ட தோள், தலையில் ஒரு சிங்கத்தின் தோலைத் தொப்பி மாதிரிப் போட்டு அதன் முன்னங்கால் இரண்டையும் நெஞ்சில் முடிச்சுப் போட்டிருக்கிறான். கையில் இரண்டு பக்கமும் தடித்து நடுவில் ஒடுங்கின ஓர் ஆயுதம். வச்சிரபாணி, புத்தரின் மெய்க்காவலன் என்று அட்டையில் எழுதியிருந்தது. புத்தருக்குப் பக்கத்தில் ஆயுதத்தோடு ஒருவன், இங்கேயும் விடமாட்டார்களா என்று முதலில் எனக்கு எரிச்சல்தான் வந்தது. பிறகு ஒருநாள் அவன் முகத்தைக் கிட்டப்போய்ப் பார்த்தேன். அந்த முகத்தில் ஒரு மிரட்டலும் இல்லை. கண்ணுக்குக் கீழே பை தொங்குகிறது. ஒரு காலில் பாரத்தைப் போட்டு மற்றக் காலை ஆறவிட்டிருக்கிறான். நாள் முழுக்க நின்றவனுக்குத்தான் அப்படி நிற்கத் தெரியும், நானும் அப்படித்தான் நிற்பேன்.

எங்கள் வீட்டுச் சொந்தக்காரர் கோஸ்தாஸ் ஒரு கிரேக்கர். பார்க் எக்ஸ்டென்ஷன் ஒருகாலம் முழுக்கக் கிரேக்கர்கள் இருந்த இடம், மற்றவர்கள் வீடு விற்றுப் போக இவர் மட்டும் எங்களுக்கு நேர் கீழ் வீட்டில் தனியாக இருக்கிறார். எண்பத்து மூன்று வயதிலும் படிக்கட்டில் விழுகிற சினோவை, பனியை, தானே வழிப்பார். அவருக்கு அந்தச் சிற்பத்தைப் போனில் படமெடுத்துக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கனநேரம் பார்த்தார்.

"இவன் எங்கட ஆள்," என்றார். பாதி ஆங்கிலம் பாதி பிரெஞ்சு, தமிழில் சொன்னால் இப்படித்தான் வரும். "சிங்கத்தைக் கையால கொன்று தோலை உரிச்சவன். இவன் ஏன் அங்க நிக்கிறான்?"

அவர் பெயரும் சொன்னார், என் நாக்கில் நிற்கவில்லை. கிரேக்கப் படைகள் அந்த மலைப்பக்கம் போய், திரும்பி வராமல் அங்கேயே குடியிருந்தார்களாம். அவர்கள் விட்டுப்போன கைப்பழக்கத்தில், பிறகு வந்த சிற்பிகள் புத்தருக்குக் காவல் வேண்டும் என்றபோது, தங்களுக்குத் தெரிந்த பலசாலியையே கல்லில் செய்து வைத்துவிட்டார்கள். கோஸ்தாஸ் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். அவன் தன் சொந்த ஊர்க் கதையில் பிறர் சொன்ன வேலைகளை ஒன்றன்பின் ஒன்றாகச் செய்து களைத்தவன், பிறகு இவ்வளவு தூரம் போய் அங்கேயும் வேலைதான் கிடைத்திருக்கிறது என்றார். அதைச் சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை.

அந்தப் பிற்பகலுக்கு வருகிறேன். மாசி மாதம், காலையிலிருந்தே சினோ கொட்டிக்கொண்டிருந்தது. பவளத்துக்குச் சீனி வருத்தத்தில் சிறுநீரகம் போய், கிழமைக்கு மூன்று நாள் டயலிசிஸ். அன்றைக்கும் காலையில் போய்விட்டு மத்தியானம் வீட்டுக்கு வந்துவிட்டாள். வந்துவிட்டேன், கொஞ்சம் படுக்கப்போறன், கூப்பிடவேண்டாம் என்று போனில் சொன்னாள். நான் விடிய மூன்றரைக்கு எழும்பினவன். அருங்காட்சியகத்தில் ஆட்களே இல்லை. காவலாளிகளிலும் பாதிப்பேர் வரவில்லை. என் கூடத்துக்கு அடுத்த கூடத்தில் மர்லேன் நின்றாள், ஹெயிட்டிக்காரி, என் வயதுதான் இருக்கும். இரண்டு கூடத்துக்கும் நடுவில் ஒரு வளைவு வாசல், அதற்கு நேரே வந்தால்தான் நாங்கள் ஒருவரை ஒருவர் பார்க்கலாம்.

இரண்டு மணிக்கு வோக்கியில் கூப்பிட்டார்கள், பதில் சொன்னேன். அதற்குப் பிறகு கால் நோவு தாங்காமல் அந்தக் கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்தில் சுவரோடு சாய்ந்தேன். கூடத்தில் ஒரு குருவியும் இல்லை என்ற தைரியத்தில், இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது, அந்தக் கல்லைப் பார்த்துத் தமிழில் கதைத்தேன்.

"உன்ர காவலை ஆர் மாத்தி விடுறது?" என்றேன். "எனக்கும் ஒருத்தரும் இல்லை."

அவ்வளவுதான் சொன்னது. வேண்டுதலும் இல்லை ஒன்றும் இல்லை, களைப்பில் வந்த கதை.

கொஞ்ச நேரத்தால் பார்த்தால் ஒரு ஆள் எனக்குப் பக்கத்தில் நிற்கிறார். நடந்து வந்ததை நான் காணவில்லை. நித்திரையாகிவிட்டீரோ என்று கேட்பீர்கள், தூங்கியிருக்கலாம், நின்றபடியே தூங்குகிற பழக்கம் எனக்கு உண்டு. உயரமான ஆள், என்னைவிட ஒன்றரை மடங்கு அகலம். நரைத்த சுருட்டை மயிர், தாடி. பழைய மண்ணிற ஜாக்கெட், கழுத்தைச் சுற்றி மயிர்த்தோல். மேலுடுப்பைக் கீழே கொடுத்துவிட்டுத்தான் வரவேண்டும் என்று சொல்ல வாயெடுத்தேன். அப்போதுதான் கவனித்தேன், அந்த ஜாக்கெட்டில் ஒரு பொட்டு ஈரம் இல்லை. வெளியே முழங்கால் அளவு சினோ, அன்றைக்கு உள்ளே வந்தவர்கள் எல்லோருக்கும் சப்பாத்திலிருந்து தண்ணீர் ஒழுகியது, இவருடைய சப்பாத்து காய்ந்து தூசியாக இருந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பார்க்க வருகிறவர்கள் சிலையைப் பார்ப்பார்கள். காவல் நிற்கிறவன் வாசலைப் பார்ப்பான். இந்த ஆள் என்னை மாதிரியே சுவருக்கு முதுகைக் கொடுத்து, ஒரு காலில் பாரத்தைப் போட்டுக்கொண்டு, வாசலைப் பார்த்தார்.

பிறகு என்னைத் திரும்பிப் பார்க்காமலே கையை நீட்டினார்.

"வீட்ட போ. நான் நிக்கிறன்."

என்ன மொழியில் சொன்னார் என்று எத்தனை தடவை யோசித்தாலும் எனக்கு வருவதில்லை. விளங்கினது மட்டும்தான் நினைவில் இருக்கிறது. நான் ஓம் என்றேன். நீங்கள் நம்பாமல் விடுங்கள், நான் இடுப்பிலிருந்த வோக்கியைக் கழற்றி அவருடைய கையில் வைத்தேன். பதினொரு வருட வேலையில் ஐந்து நிமிடம் முந்திப் போனதில்லை நான், முன்பின் தெரியாத ஒரு ஆளிடம் கூடத்தைக் கொடுத்துவிட்டு, கீழே போய் என் ஜாக்கெட்டை எடுத்து, ஊழியர் கதவால் வெளியே வந்தேன். அந்த நேரம் அது பிழை என்றே தோன்றவில்லை. கடமை மாற்ற ஒருவர் வந்தார், மாற்றினார், போகிறேன், அவ்வளவு சாதாரணமாக இருந்தது.

பெரி நிலையத்தில் மெட்ரோ மாறும்போதுதான் உறைத்தது. நான் என்ன செய்துவிட்டேன்? அந்தக் கற்களில் ஒன்று உடைந்தாலோ களவு போனாலோ என் கதி என்ன? திரும்பிப் போகிற பக்கத்து மேடைக்கு ஓடினேன், ரயிலும் வந்தது, கதவும் திறந்தது. கால் ஏறவில்லை. பயமும் இல்லை, யாரும் பிடித்து இழுக்கவும் இல்லை, இவ்வளவு நாள் களைப்பும் ஒரேயடியாக வந்து இறங்கினமாதிரி, இனி என்னால் ஏலாது என்று கால் சொல்லிவிட்டது. கதவு மூடியது. நான் வீட்டுப் பக்கம் போகிற ரயிலில் ஏறினேன்.

வீட்டுக் கதவைத் திறக்க மூன்றேகால் இருக்கும். வரவேற்பறையில் பவளம் சோபாவில் படுத்திருந்தாள், கழுத்துவரை கடும் சிவப்புப் போர்வை. நான் ஜாக்கெட்டைக் கழற்றித் தொங்கவிட்டு, சப்பாத்தைக் கழற்றி, மேசுக் காலுறையோடு அவளுக்குக் கிட்டப் போனேன். மேசு நனைந்தது. சினோத் தண்ணீர் என்று நினைத்தேன், பிறகு நான் இப்போதுதானே வந்தேன் என்று நினைத்தேன். குனிந்து பார்த்தால் தரை விரிப்பு முழுக்க இரத்தம். டயலிசிஸ் ஊசி ஏற்றிய இடம் நித்திரையில் திறந்து, போர்வைக்குள்ளே அவளுடைய கை வழியே ஓடிக்கொண்டிருக்கிறது. போர்வையின் நிறத்தில் ஒன்றும் தெரியவில்லை.

இரண்டு பெருவிரலையும் வைத்து அமத்தினேன். எடுத்தால் பீறிடுகிறது, எடுக்காவிட்டால் போனை எடுக்க முடியாது. காலால் தரையில் உதைத்தேன், கீழே கோஸ்தாஸுக்குக் கேட்கும் என்று. அந்த எண்பத்து மூன்று வயது மனிதர் ஏறி வந்து, ஒரு பார்வை பார்த்து, போனை எடுத்து அம்புலன்சுக்கு அடித்தார். சினோவில் அது வந்து சேர நாற்பது நிமிடம் ஆனது. நாற்பது நிமிடமும் என் விரல் அங்கேதான் இருந்தது. கோஸ்தாஸ் அவளுடைய கால்களைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தரையில் இருந்தார்.

பவளம் ஒரு தடவை கண்ணைத் திறந்தாள்.

"இஞ்சேருங்கோ, இண்டைக்கு வேலை இல்லையோ?" என்றாள்.

"இல்லை," என்றேன். "நீ கதையாதை."

மருத்துவமனையில் அந்த டாக்டர் பெண் சொன்னாள், இன்னும் பத்து நிமிடம் பிந்தியிருந்தால் இவர் இல்லை என்று. என் கடமை முடிகிறது ஐந்து மணிக்கு. வீட்டுக்கு வர ஆறாகும். நீங்களே கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள், எனக்கு அதைப் பார்க்க இன்னும் மனமில்லை.

நாலாம் நாள் வேலைக்குப் போனேன். வேலை போய்விட்டது என்ற நிச்சயத்தோடுதான் போனேன், அடையாள அட்டையைக்கூடக் கையில் எடுத்து வைத்திருந்தேன். மேற்பார்வையாளர் ஒரு கியூபெக்காரப் பெண், நல்ல மனிசி. அவள் எழும்பி வந்து என் கையைப் பிடித்தாள். லீவு கேட்டபோது காரணம் சொல்லியிருந்தேன், மனைவிக்கு எப்படி என்று கேட்டாள். புயல் நாளில் எல்லோரும் முந்தி ஓட நீ கடைசிவரை நின்றாயே, மெர்சி, நன்றி என்றாள்.

நான் இல்லை, இரண்டரைக்கு முந்தியே போய்விட்டேன் என்று எனக்குத் தெரிந்த பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் சொன்னேன். அவள் சிரித்தாள். களைப்பில் நாளை மாற்றிச் சொல்கிறாய் என்றாள். பதிவுத் தாளைத் திருப்பிக் காட்டினாள். இரண்டரை, மூன்று, மூன்றரை, நாலு, நாலரை, ஒவ்வொரு தடவையும் என் கூடத்திலிருந்து எல்லாம் சரி என்று பதில் வந்திருக்கிறது. ஐந்து பத்துக்கு வோக்கி அதன் இடத்துக்குத் திரும்பி வந்திருக்கிறது.

நான் மேலே கூடத்துக்குப் போனேன். நீங்கள் எதிர்பார்ப்பது எனக்கு விளங்குகிறது. இல்லை, கல்லில் ஒரு மாற்றமும் இல்லை. கால் இடம் மாறவில்லை, கண் அசையவில்லை, கண்ணாடியில் கைரேகை இல்லை. அதே சாம்பல் கல், அதே சிங்கத்தோல். கிட்ட நின்று பார்த்தேன், நன்றி சொல்லலாமா என்று யோசித்தேன், யாருக்கு என்று தெரியவில்லை, என் இடத்துக்கு வந்து நின்றேன்.

கமரா இருக்கிறதே, பார்த்திருக்கலாமே என்று என் மருமகன் கேட்டான். உண்மைதான், ஒவ்வொரு கூடத்திலும் கமரா இருக்கிறது, ஒரு மாதத்துக்குப் பிறகு பதிவு தானாக அழிந்துவிடும். கட்டுப்பாட்டு அறையில் இருக்கிறவரை எனக்குத் தெரியும், கேட்டால் போட்டுக் காட்டியிருப்பார். நான் கேட்கவில்லை. அந்த ஒரு மாதமும் அந்த அறை வாசலைத் தாண்டும்போது தலையைக் குனிந்துகொண்டு போனேன். அந்தப் படத்தில் யாரும் இல்லாவிட்டால் எனக்குப் பயம். அந்த ஆள் நின்றாலும் பயம். நான் நின்றிருந்தால், அதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய பயம்.

பவளம் இப்போது சுகமாக இருக்கிறாள். டயலிசிஸ் முடிந்து வந்தால் அந்தக் கையைப் போர்வைக்கு வெளியே வைத்துத்தான் படுக்கிறாள். இதோடு கதை முடிந்திருந்தால் நான் உங்களுக்குச் சொல்லியிருக்கவே மாட்டேன். ஏதோ தெய்வச் செயல் என்று வைத்துக்கொண்டு கோயிலில் ஓர் அர்ச்சனை செய்துவிட்டுப் போயிருப்பேன்.

பங்குனியில் ஒருநாள் சாப்பாட்டு அறையில் மர்லேன் எனக்கு முன்னால் வந்து கதிரையில் இருந்தாள். ஒரு டப்பாவில் ஏதோ இனிப்புச் செய்து கொண்டுவந்திருந்தாள், எனக்கு என்றாள். ஏன் என்று கேட்டேன். அவளுடைய மகனுக்கு நாற்பது வயது, ஆற்றுக்கு அக்கரையில் லொங்குய்யில் இருக்கிறான், நாலு வருடமாகத் தாயோடு கதைக்கவில்லை. அன்றுவரை அது எனக்குத் தெரியாது, அவள் யாருக்கும் சொன்னதில்லை. அவள் சொல்லிக்கொண்டே போனாள்: நீ சொன்னபடியே நான் மஞ்சள் வழி மெட்ரோவில் லொங்குய் போய் அவன்ர கதவைத் தட்டினேன், நீ சொல்லித்தந்ததையே சொன்னேன், அவன் அழுதுவிட்டான், இப்போது ஞாயிறுகளில் வருகிறான் என்றாள்.

எப்போது சொன்னேன் என்று கேட்டேன். புயல் அன்றைக்கு, மூன்று மணி இருக்கும், வளைவுக்குக் கீழே நின்று எவ்வளவு நேரம் என்னோடு கதைத்தாய் என்றாள். உனக்கு இவ்வளவு வடிவான பிரெஞ்சு தெரியும் என்று எனக்குத் தெரியாது என்றும் சொன்னாள். மூன்று மணிக்கு நான் எங்கள் பக்கத்துப் பார்க் நிலையத்தில் இறங்கி, சினோவுக்குள்ளால் வீட்டுக்கு நடந்துகொண்டிருந்தேன்.

அந்த இனிப்பை வாங்கித் தின்றேன். அதற்குப் பிறகு என்னைக் காணும்போதெல்லாம் அவள் நெஞ்சில் கை வைத்துத் தலையைச் சாய்ப்பாள், நானும் சாய்ப்பேன். கோடை முழுக்க இப்படியே போனது. போன மாதம் என்னால் பொறுக்க முடியவில்லை. வயதுபோகப் போக ஞாபகம் குறைகிறது என்று சாட்டுச் சொல்லி, அன்றைக்கு நான் உனக்கு என்ன சொன்னேன், மகனிடம் என்ன சொல்லச் சொன்னேன் என்று கேட்டேன்.

மர்லேன் என்னைத் திரும்பிப் பார்த்தாள். முகத்தில் சிரிப்பு இல்லை.

"அதை ஒருத்தருக்கும் சொல்லாதை எண்டு நீதானே சொன்னாய்," என்றாள். "‘பேந்து நானே வந்து கேட்டாலும் எனக்குச் சொல்லாதை’ எண்டும் சொன்னாய்."